பணம் காய்ச்சி மரம்

வீட்டில் இங்கிலீஷ் படிக்கிற பிள்ளை ஒன்று இருந்தால் போதும், சகோதரிகளே, அடுப்படியில் நிற்கும்போதே நமக்கும் பாடம் நடந்துவிடும். "அம்மா, 'மனி டஸன்ட் க்ரோ ஆன் ட்ரீஸ்' என்றால் என்ன அர்த்தம்?" என்று பிள்ளை நோட்டும் கையுமாக வந்து நிற்கும். மாசக் கடைசியில் புதுச் செருப்பு கேட்ட அதே பிள்ளையிடம், "பணம் என்ன மரத்திலா காய்க்கிறது?" என்று அன்று காலையில்தான் நீங்கள் சீறி விழுந்திருப்பீர்கள். ஆகையால் தனியாக அர்த்தம் சொல்ல வேண்டிய அவசியமே இல்லை. காலையில் சொன்னதை நினைவூட்டினால் போதும்.

பணத்தைப் பற்றி இங்கிலீஷ்காரர்கள் வழங்கும் தொடர்களில் பாதிக்கு மேல் இப்படி நம் வீட்டிலேயே ஜோடி கிடைக்கும். 'பென்னி வைஸ், பவுண்ட் ஃபூலிஷ்' என்பார்கள். சின்னக் காசில் கெட்டி, பெரிய தொகையில் ஏமாளி என்று பொருள். கடுகு போன இடம் ஆராய்வார், பூசணிக்காய் போன இடம் ஆராயார் என்று நாம் சொல்வதும் அதே ஆசாமியைத்தான். அகவிலை விற்கிற சாமானை, 'ஒரு கையும் ஒரு காலும் விலையாகக் கேட்கிறது' என்பார்கள் அவர்கள். நாம் கை காலைத் தொடுவதில்லை. யானை விலை, குதிரை விலை என்று சொல்லி நிறுத்திக்கொள்கிறோம். செலவைக் குறைப்பதற்கு அவர்கள் 'டைட்டன் த பெல்ட்' என்று இடுப்பு வாரை இறுக்குவார்கள். பெல்ட் கட்டாத நம் பாட்டிமார்கள் வாயைக் கட்டி, வயிற்றைக் கட்டிக் குடும்பம் நடத்தினார்கள்.

'ஹாண்ட் டு மவுத்' என்று ஒன்று. கைக்கும் வாய்க்குமாகக் காலம் தள்ளுவது. நம்மிடம் இதற்கு 'அன்றாடங்காய்ச்சி' என்ற சொல் இருக்கிறது. நெல் விளைகிற சீமையில் அன்று கிடைத்த கூலியை அன்றே உலையில் போட்டுக் காய்ச்சிக் குடிக்கிறவர் என்று முழுக் கதையையும் அந்த ஒற்றைச் சொல் சொல்லிவிடுகிறது. தாய்மொழி என்பதால் ஓரவஞ்சனை என்று நினைத்தாலும் சரி, நான் நம்முடையதற்குத்தான் முதல் மார்க் போடுவேன்.

செத்துப்போன காசுகள் பேச்சில் மட்டும் உயிரோடு உலாவுவது இரு பாஷைக்கும் பொது. 'ஒரு ஃபார்திங் பெறாது' என்று இங்கிலீஷில் எழுதுவார்கள். கால் பென்னியான அந்த ஃபார்திங் 1960-ம் ஆண்டோடு செலாவணியிலிருந்து போய்விட்டது. இங்கே 1957 ஏப்ரல் முதல் தேதி நயா பைசா வந்து அணாக் கணக்கைத் தூக்கி எறிந்தது. ஒரு ரூபாய்க்கு 192 தம்பிடி என்று வாய்ப்பாடு சொன்ன தலைமுறையும் போய்விட்டது. 2011 ஜூன் 30-க்குப் பிறகு இருபத்தைந்து பைசா நாணயமும் செல்லாது என்று ஆகிவிட்டது. ஆனாலும் கும்பகோணத்துக் கடைத்தெருவில் நின்று கேளுங்கள். 'கையில் தம்பிடி கிடையாது', 'நாலணா பெறாத விஷயம்', 'சல்லிக் காசுக்குப் பிரயோஜனம் இல்லை' என்று பேச்சு நடந்துகொண்டுதான் இருக்கும். தம்பிடியைக் கண்ணால் பார்த்திராத பையனும் தன்னிடம் அது இல்லை என்பதை நன்றாகத் தெரிந்துவைத்திருக்கிறான்!

'கோ டச்சு' என்ற தொடர் ஓட்டலுக்குப் போகிறவர்களுக்கு உபயோகமானது. கூடப் போனவர்கள் அவரவர் பில்லை அவரவரே கொடுப்பது என்று பொருள். கடல் வியாபாரத்தில் டச்சுக்காரர்களோடு போட்டியும் பகையும் இருந்த காலத்தில் இங்கிலீஷ்காரர்கள் அவர்களைக் கேலி செய்து பேசப் பழகினார்கள். அந்தப் பழக்கத்தின் மிச்சம் பாஷையில் நிறைய இருக்கிறது. நம் நாகப்பட்டினம் 1658 முதல் 1781 வரை டச்சுக்காரர்கள் கையில் இருந்த ஊர். அங்கே அவர்கள் காசும் அடித்தார்கள். நாகப்பட்டினத்துக்காரர்கள் ஓட்டலில் எப்படிப் பில் கொடுக்கிறார்கள் என்பதை அந்த ஊர் வாசகிகள்தான் சொல்ல வேண்டும்.

இன்னொன்றில் எனக்குச் சண்டை உண்டு. 'ஸ்பெண்டிங் மனி லைக் வாட்டர்' என்பதற்கு, பணத்தைத் தண்ணீராகச் செலவழித்தல் என்று அகராதி பொருள் சொல்கிறது. நாமும் அப்படித்தான் சொல்கிறோம். ஆடிப் பெருக்கில் காவிரி கரை புரண்டு வந்த நாளில் சொன்னது இருக்கட்டும். பழைய தஞ்சை ஜில்லாவில் விவசாயம் செய்கிற குடும்பத்தில் இன்றைக்கு யாராவது தண்ணீரைக் கணக்குப் பார்க்காமல் செலவழிக்கிறார்களா? 1934-ல் கட்டி முடித்த மேட்டூர் அணையைக் குறுவைக்காக ஜூன் 12-ம் தேதி திறப்பது வழக்கம். அந்தத் தேதி தவறிய வருஷங்கள் பல. கல்லணைக்கு வந்த தண்ணீரைக் காவிரிக்கு இத்தனை, வெண்ணாற்றுக்கு இத்தனை, கல்லணைக் கால்வாய்க்கு இத்தனை என்று பங்கு போடுகிறார்கள். போதாத வருஷத்தில் முறை வைத்து விடுகிறார்கள். பிலிகுண்டுலுவில் தமிழ்நாட்டுக்கு வர வேண்டியது 192 டி.எம்.சி. என்று 2007-ல் நடுவர் மன்றம் சொன்னது. 2018 பிப்ரவரியில் சுப்ரீம் கோர்ட் அதை 177.25 என்று ஆக்கியது. புள்ளிக்குப் பின்னால் இரண்டு இலக்கம் வரை எண்ணுகிற பண்டம் அது! 'அவர் பணத்தைக் காவிரித் தண்ணீர் மாதிரிச் செலவழிக்கிறார்' என்று இனிமேல் யாராவது சொன்னால், மகா கருமி என்று நான் எடுத்துக்கொள்வதாக இருக்கிறேன்.

சரி, மரத்துக்கு வருவோம். 'பணம் மரத்தில் காய்ப்பதில்லை' என்று பிள்ளைகளுக்குப் புத்தி சொன்ன இங்கிலீஷ்காரர்களே, அதற்கு நேர்மாறான ஒரு தொடரையும் ஒரு காலத்தில் வழங்கி வந்தார்கள். பள்ளிக்கூடப் பாடத்தில் அது இராது. 'ஷேக்கிங் த பகோடா ட்ரீ' என்பது அது. பகோடா மரத்தை உலுக்குதல்! வெங்காயமும் கடலை மாவும் சேர்ந்த நம் பக்கோடாவை நினைத்துக்கொண்டு நாக்கில் ஜலம் ஊற வேண்டாம். கோயிலுக்கு ஐரோப்பியர் வைத்த பெயர் பகோடா. தெற்கத்திச் சீமையில் வழங்கிய தங்க நாணயத்துக்கும் அதே பெயரை வைத்தார்கள். நம்மவர்கள் அதை வராகன் என்றார்கள். இன்றைய நகைக் கணக்கில் அரைப் பவுனுக்கும் குறைந்த எடை. சென்னைக் கணக்குப்படி 80 காசு ஒரு பணம், 42 பணம் ஒரு வராகன். ஆக, ஒரு வராகனுக்கு 3,360 காசு. 1818-ல் ரூபாயைக் கும்பினி சர்க்கார் கட்டாய நாணயமாக ஆக்கும்வரை இந்தக் கணக்குத்தான்.

இந்தக் காசைப் பற்றி ஒரு வார்த்தை. இங்கிலீஷில் 'காஷ்' என்பது நம் 'காசு' என்று மேடையில் பேசிக் கைதட்டல் வாங்குகிறவர்கள் உண்டு. பாதி உண்மை. அகராதிக்காரர்கள் காஷ் என்ற உருவத்தில் இரண்டு சொற்கள் இருப்பதாகச் சொல்கிறார்கள். ரொக்கம் என்று பொருள்படும் காஷ், பணப்பெட்டியைக் குறிக்கும் ஐரோப்பியச் சொல்லிலிருந்து வந்தது. இந்தியாவிலும் சீனாவிலும் வழங்கிய சில்லறை நாணயத்துக்கு அவர்கள் சொன்ன காஷ்தான், போர்த்துகீசியர் வாயில் புகுந்து புறப்பட்ட நம் காசு. பணம் என்ற சொல்லையும் 'பனம்', 'ஃபனம்' என்று திருத்தி எடுத்துப் போயிருக்கிறார்கள். போனது சொல் மட்டும் என்றால் நமக்கு நஷ்டம் ஒன்றும் இல்லை.

பகோடா மரத்தை உலுக்குவது என்றால், இந்தியாவுக்குக் கப்பலேறி வந்து, கொஞ்ச காலத்தில் பெரும் பணக்காரனாகித் திரும்புவது. கொல்லைப் புளிய மரத்தை உலுக்கினால் பழம் பொலபொலவென்று உதிருமல்லவா, அந்த மாதிரி இங்கே வராகன் உதிர்கிறது என்று எண்ணம். உலுக்கி மூட்டை கட்டிக்கொண்டு ஊர் திரும்பியவர்களுக்கு இங்கிலாந்தில் 'நேபாப்' என்று பட்டம். நவாப் என்பதன் திரிபு. 1772-ல் அந்தப் பெயரிலேயே அவர்களைக் கேலி செய்து லண்டனில் நாடகம் ஒன்றும் நடந்தது.

இந்தத் தொடரைப் பதிந்துவைத்த 'ஹாப்ஸன் ஜாப்ஸன்' என்னும் பிரசித்தமான அகராதி 1886-ல் வெளிவந்தது. இது இந்தியாவில் வழங்கியதைவிட இங்கிலாந்தில்தான் அதிகமாக வழங்கியது என்று அதில் ஒரு குறிப்பு இருக்கிறது. அகராதியைச் செய்த இருவரில் ஒருவரான பர்னெல் துரை தஞ்சாவூரில் ஜட்ஜாக இருந்தவர். அரண்மனையில் இருந்த சமஸ்கிருதச் சுவடிகளுக்கெல்லாம் அட்டவணை போட்டவர். தஞ்சாவூரில் உட்கார்ந்து வேலை பார்த்தவருடைய அகராதியில் இந்தத் தொடர் ஏறியது பொருத்தம்தான். ஏனென்றால், அந்த மரத்தின் பெரிய கிளை ஒன்று தஞ்சாவூரில்தான் இருந்தது.

அந்தக் கதையைக் கொஞ்சம் நிதானமாகவே சொல்ல வேண்டும்.

ஆற்காட்டு நவாப் முகம்மது அலி வாலாஜா சென்னைச் சேப்பாக்கத்தில் அரண்மனை கட்டிக்கொண்டு வாழ்ந்தார். கும்பினியின் பட்டாளத்தை நம்பி ஆட்சி. பட்டாளத்துக்குச் சம்பளம் கொடுக்கக் கடன். கடன் கொடுத்தவர்கள் யார்? அதே கும்பினியில் உத்தியோகம் பார்த்த துரைமார்கள், தங்கள் சொந்த ஹோதாவில்! வட்டி நூற்றுக்கு இருபதையும் தாண்டிப் போனது உண்டு. அசலுக்கு ஈடாக இன்ன சீமையின் வரி வசூல் உனக்கு என்று நவாப் சீட்டு எழுதிக் கொடுத்துவிடுவார். இந்தச் சீட்டுகளுக்குப் புதிது புதிதாகச் சீமைகள் தேவைப்பட்டன. தஞ்சாவூரோ பொன் விளைகிற பூமி. அங்கே மராட்டிய வம்சத்து ராஜா துளஜாஜி ஆண்டுகொண்டிருந்தார்.

1773-ல் நவாபுக்காகக் கும்பினிப் பட்டாளம் தஞ்சாவூர்க் கோட்டையைப் பிடித்தது. ராஜா சிறைப்பட்டார். அடுத்த மூன்று வருஷம் தஞ்சைச் சீமையின் வருமானம் நவாபுடையது. அந்தச் சீமையில் வருமானம் என்றால் நெல்தான், சகோதரிகளே. களத்தில் அடித்துக் குவித்த நெல்லில் சர்க்காருக்கு மேல்வாரம், பயிரிட்டவனுக்குக் குடிவாரம். ஆகவே தஞ்சாவூர் வசூலின் பேரில் கடன் கொடுப்பது என்றால், இன்னும் கதிர் முற்றாத வயலின் பேரில் கடன் கொடுப்பது என்றே அர்த்தம்.

இதற்குள் சமாச்சாரம் லண்டனுக்குப் போய், ராஜாவுக்கே ராஜ்யத்தைத் திருப்பிக் கொடுக்கும்படி கும்பினி டைரக்டர்கள் உத்தரவு போட்டார்கள். அதை நிறைவேற்ற வந்தவர் சென்னைக் கவர்னர் பிகட் பிரபு. அவரும் முன்பு ஒருமுறை கவர்னராக இருந்து, செல்வத்தோடு ஊர் திரும்பியவர்தான். வைரத்துக்குக்கூட அவர் பெயர் உண்டு. மரம் ஏறத் தெரியாதவர் என்று சொல்ல முடியாது. ஆனாலும் உத்தரவு உத்தரவுதானே? 1776 ஏப்ரலில் அவரே தஞ்சாவூருக்குப் போய்த் துளஜாஜியை மறுபடி கத்தியில் அமர்த்தினார்.

அப்போது குறுக்கே வந்தார் ஒரு மனிதர். பெயர் பால் பென்பீல்டு. கும்பினியில் கீழ்ப்படி உத்தியோகம், வருஷத்துக்குச் சில நூறு பவுண்டு சம்பளம். ஆனால் சென்னையில் அவருடைய வண்டி, குதிரைகளின் ஆடம்பரம் பிரசித்தம். தஞ்சாவூர் வசூலின் பேரில் நவாப் தமக்கு எழுதிக் கொடுத்த சீட்டுகள் 1,62,000 பவுண்டுக்கு இருக்கின்றன, தஞ்சைச் சீமைக் குடிகள் பயிரின் பேரில் வாங்கிய கடன் 72,000 பவுண்டு இருக்கிறது, ராஜா வந்தாலும் சரி, யார் வந்தாலும் சரி, என் பாக்கியைத் தீர்த்துவிட்டு மறுவேலை பாருங்கள் என்றார். மொத்தம் 2,34,000 பவுண்டு. வராகனை எட்டு ஷில்லிங்காகப் போட்டுப் பார்த்தால் 5,85,000 வராகன்! சில நூறு பவுண்டு சம்பளக்காரரிடம் இத்தனை பணம் கடன் கொடுக்க எங்கிருந்து வந்தது என்று நீங்கள் கேட்பீர்கள். பிகட்டும் அதைத்தான் கேட்டார். பயிர் குடிகளுடையது, வாரம் ராஜாவினுடையது, இடையில் இவருக்கு என்ன பாத்தியதை என்றும் கேட்டார்.

கவர்னருடைய ஆலோசனைச் சபை முதலில் பென்பீல்டின் கோரிக்கையைத் தள்ளியது. கொஞ்ச நாளில் சபையின் பெரும்பான்மை புரண்டு படுத்துக்கொண்டது. பென்பீல்டின் சீட்டு செல்லாது என்று ஆகிவிட்டால், நவாபிடம் பணம் போட்டிருந்த மற்றவர்களுடைய சீட்டுகளின் கதி என்ன? தகராறு முற்றியது. 1776 ஆகஸ்டு 24-ம் தேதி, வண்டியில் போய்க்கொண்டிருந்த கவர்னரையே பிடித்து, பரங்கிமலைக்குக் கொண்டுபோய்க் காவலில் வைத்துவிட்டார்கள். சென்னப்பட்டணம் அப்படி ஓர் அதிசயத்தை அதற்கு முன் எத்தனை தரம் பார்த்திருக்குமோ! காவலில் இருக்கும்போதே, 1777 மே மாதம், பிகட் இறந்துபோனார். அவரைச் சிறை வைத்த சபையினர் நால்வர் மீது பிற்பாடு இங்கிலாந்தில் வழக்கு நடந்தது. 1780-ல் ஆளுக்கு ஆயிரம் பவுண்டு அபராதம் போட்டார்கள். கட்டிவிட்டு வீட்டுக்குப் போனார்கள்.

இப்போது இன்னொரு தொடரையும் சொல்லியாக வேண்டும். 'ராபிங் பீட்டர் டு பே பால்' என்று இங்கிலீஷில் உண்டு. பீட்டரிடம் பறித்துப் பாலுக்குக் கொடுப்பது. ஒரு கடனை அடைக்க இன்னொருவர் தலையில் கை வைப்பது என்று கருத்து. நோட்ஸ் புத்தகங்களில், கடைத் தேங்காயை எடுத்து வழிப் பிள்ளையாருக்கு உடைப்பது என்று இதற்கு ஈடு போட்டிருக்கிறார்கள். எனக்குச் சம்மதம் இல்லை. தேங்காய் உடைக்கிறவர் ஊரார் சொத்தில் புண்ணியம் தேடுகிறார். பிள்ளையார் அவரிடம் பாக்கி கேட்டுக்கொண்டு வாசலில் நிற்கவில்லை. பாலோ பாக்கிக்காரர். கதவைத் தட்டுகிறவர். அந்தத் தொடர் பென்பீல்டுக்கு ரொம்ப முந்தியது. அவரை வைத்துப் பிறந்ததல்ல. ஆனாலும் அவருக்குத் தாய் தகப்பன் வைத்த பெயர் பால் என்று இருந்துவிட்டதே! தஞ்சாவூரைப் பறித்து நவாப் கொடுத்தது ஒரு பாலுக்குத்தான்.

பென்பீல்டு ஊர் திரும்பினார். 1780-ல் பார்லிமெண்டு மெம்பரும் ஆனார். நவாபின் கடன்களைத் தோண்டித் துருவி விசாரிக்காமலே கர்நாடகச் சீமையின் வருமானத்திலிருந்து தீர்த்துவிடலாம் என்று பிரிட்டிஷ் மந்திரிசபை தீர்மானித்தது. அதை எதிர்த்து எட்மண்ட் பர்க் 1785 பிப்ரவரி 28-ம் தேதி காமன்ஸ் சபையில் பேசிய பேச்சு சரித்திரப் பிரசித்தம். கடன்காரர்களை மட்டும் அல்ல, பாழாய்ப்போன நம் பக்கத்து ஏரிகளையும் அவர் அந்தப் பேச்சில் எடுத்துச் சொன்னார். கேட்டவர்கள் கேட்டார்கள், ஓட்டு மட்டும் மந்திரிசபைப் பக்கம் விழுந்தது. பிறகு புதிதாக முளைத்த நவாப் கடன்களை மட்டும் விசாரிக்க 1805-ல் கமிஷனர்களை நியமித்து, அவர்கள் வருஷக்கணக்காக உட்கார்ந்து பார்த்தார்கள். கோரிய தொகையில் பத்தில் ஒரு பங்குகூட உண்மையான கடன் என்று தேறவில்லை. அப்படியானால், விசாரிக்காமலே தீர்த்த பழைய கடன்களில் எத்தனை தேறியிருக்கும்? பென்பீல்டு கடைசியில் வியாபாரம் முறிந்து, 1810-ல் பாரிஸ் நகரத்தில் வறுமையில் செத்தார்.

தஞ்சாவூரில் என்ன நடந்தது? ராஜ்யம் திரும்பிய ஐந்தாவது வருஷம், 1781-ல், ஹைதர் அலியின் படை வந்து சீமையைச் சூறையாடிற்று. 'ஹைதர் கலாபம்' என்று கிழவர்கள் வெகு காலம் சொல்லிக்கொண்டிருந்தார்கள். குதிரை ஏறி வந்து பறித்ததற்குப் பாஷையில் பெயர் நின்றுவிட்டது. சீட்டு எழுதி, வட்டி போட்டு, களத்து நெல்லை எடுத்துக்கொண்ட மூன்று வருஷத்துக்கு அப்படி ஒரு பெயர் தஞ்சாவூரில் நின்றதாக நான் கேட்டதில்லை. லண்டனில்தான் அதற்குப் பெயர் கிடைத்தது. அதுவும், உலுக்கினால் உதிரும் மரம் என்று, சிரித்துக்கொண்டு சொல்லும்படியான பெயர்.

உலுக்கியவர்கள் கதை போதும். புளிய மரத்தை உலுக்குகிறவன் ஆண்பிள்ளை; குனிந்து பொறுக்கி, கோது நீக்கி, கொட்டை எடுத்து வைக்கிறவர்கள் நாம்தானே? பெண்பிள்ளைகளின் பணத்துக்கு இங்கிலீஷில் 'பின் மனி' என்று ஒரு பெயர் உண்டு. குத்தூசிக் காசு. ஊசி வாங்க என்று புருஷன் பெண்டாட்டிக்குக் கொடுக்கிற கைச்செலவுப் பணம். குண்டூசி ஒரு காலத்தில் மலிவான சரக்கு அல்ல. பெரிய இடத்துக் கலியாண ஒப்பந்தங்களில் வருஷத்துக்கு இத்தனை பவுண்டு பின் மனி என்று எழுதியே வாங்கிவிடுவார்களாம். இன்றைக்கு அந்தச் சொல்லில் ஓர் இளக்காரம் சேர்ந்துவிட்டது. 'அவள் சம்பாதிப்பது பின் மனி' என்றால் அற்பத் தொகை என்று அர்த்தம்.

சிறுவாடு என்பதை இதற்கு ஈடாகச் சொல்கிறார்கள். தொகை சின்னது என்ற வரையில் ஒப்புக்கொள்ளலாம். ஆனால் பின் மனி அவர் கொடுத்தது. சிறுவாடு அவருக்குத் தெரியாமல் இவள் சேர்த்தது. இந்த வித்தியாசத்தைச் சொல்லாமல் பிள்ளைக்கு அர்த்தம் சொல்லாதீர்கள். டெல்டாக் கிராமங்களில் சிறுவாடு எங்கிருந்து பிறக்கும் என்று உங்களுக்கா தெரியாது? மோர் விற்ற காசு, முட்டை விற்ற காசு, நெல் அரைத்தபோது ஒதுங்கிய தவிடும் நொய்யும், கொல்லை முருங்கைக்காய், காய்கறிக்காரியிடம் வாதாடி மிச்சம் பிடித்த ஐந்து ரூபாய். இருக்குமிடம் அரிசிப் பானை, அஞ்சறைப்பெட்டியின் அடித்தட்டு, சாமி படத்தின் பின்புறம், பட்டுப் புடவையின் மடிப்பு. குறுவை நடவுக்கு ஆள் கூலி குறைகிறபோதும், பெரியவன் காலேஜுக்குப் பணம் கட்டக் கடைசி நாள் வந்தபோதும், சொஸைட்டியில் அடகு வைத்த வளையலுக்கு வட்டி ஏறிக்கொண்டு போகிறபோதும் அது வெளியே வரும். "ஏதுடீ உனக்கு இத்தனை பணம்?" என்று வீட்டுக்காரர் கேட்பார். கேட்டுக்கொண்டே எண்ணி வாங்கிக்கொள்வார்.

2016 நவம்பர் 8-ம் தேதி ராத்திரி, ஐந்நூறு ரூபாய், ஆயிரம் ரூபாய் நோட்டுகள் செல்லாது என்று அறிவிப்பு வந்ததே, அதில் கறுப்புப் பணம் எவ்வளவு அகப்பட்டது என்பது வேறு விவகாரம். பானையிலும் புடவை மடிப்பிலும் இருந்த சிறுவாடு அகப்பட்டது. பத்து வருஷம் சொல்லாமல் சேர்த்ததை ஒரே நாளில் புருஷனிடமும் மாமியாரிடமும் சொல்லி, அவர்கள் கையிலேயே கொடுத்துப் பாங்கிக்கு அனுப்ப வேண்டியதாகப் போயிற்று. சொந்தப் பேரில் கணக்கு இல்லாதவர்களுக்கு அது அப்படியே குடும்பப் பணமாகிவிட்டது. திரும்பி வந்ததா என்று கேட்டால் பல பேர் பேச்சை மாற்றிவிடுவார்கள். இல்லத்தரசிகள் இரண்டரை லட்சம் வரையில் போட்டால் கேள்வி இல்லை என்று சர்க்கார் சொல்லியிருந்தும், வட இந்தியாவில் ஓர் அம்மாளிடம் கேட்டே விட்டார்கள். ஆக்ராவில் உள்ள வருமான வரித் தீர்ப்பாயம் வரைக்கும் அவர் போனார். வீட்டுச் செலவில் மிச்சம் பிடித்ததை அவருடைய வருமானமாக எடுத்துக்கொள்ளக் கூடாது என்று 2021-ல் தீர்ப்பாயிற்று. சிறுவாடு என்ற வார்த்தை அந்தத் தீர்ப்பில் இருக்க நியாயமில்லை. சரக்கு அதுதான்.

தஞ்சாவூர்ப் பக்கத்திலேயே இதற்கு வேறு பெயர்கள் வழங்குகின்றன. முந்தானை முடிச்சு என்று சிலர் சொல்கிறார்கள். அஞ்சறைப்பெட்டிக் காசு என்கிறார்கள். மன்னார்குடியில், மாயவரத்தில், வேதாரண்யத்தில், உங்கள் மாமியார் வீட்டில் என்ன பெயர் என்று ஒரு கார்டு போட்டுத் தெரிவியுங்கள். எங்கே ஒளித்து வைத்திருக்கிறீர்கள் என்பதை மட்டும் எழுத வேண்டாம். இந்தப் பத்திரிகையை வீட்டில் அவரும் படிக்கிறார்.